மூன்று நிமிடம்

தை மாதம் கந்தப்பளையில்
விடியும்போது கோவா இலைகளின் ஓரம் வெளுத்திருக்கும்.
அதே நாட்களில் நானும் வெளுப்பேன்.
முதலில் முழங்கை, பிறகு கெண்டைக்கால்,
பிறகு விரல் மடிப்பெல்லாம் வெடித்து
சவுக்காரம் பட்டால் உயிர் போகும்.

சின்னவன் ஒருநாள் ஈர்க்குச்சியால்
என் காலில் 'ழ' எழுதினான்.
வெள்ளையாக, சுத்தமாக விழுந்தது எழுத்து.
"சிலேட்டே வேணாம்பா" என்றான்.
நான் சிரித்தேன்.
அவன் அம்மா சிரிக்கவில்லை.

ஸ்டோரில் எனக்கு டிரையர் வேலை.
இலைக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரைச்
சூடு காட்டி வெளியே வரவழைப்பது.
நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் நின்றால் நல்ல தூள்,
கூடினால் பூஞ்சணம், குறைந்தால் கருகல்.
பதினேழு வருஷம் இந்தக் கணக்குப் பார்த்தவன்
என் தோலில் எவ்வளவு மிச்சம் என்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

வாசலில் கைரேகை மெஷின் வந்தது.
விரலை வைத்தேன். சிவப்பு.
அடுத்த விரல். சிவப்பு.
"நல்லாத் துடைச்சிட்டு வையி" என்றார் கிளாக்கர்.
துடைத்தேன். இன்னும் காய்ந்தது.
பத்து விரலும் என்னை யாரென்று தெரியாது என்றன.
அந்த மாதம் வேலைக்கு வந்த மூன்று நாளுக்குப்
பேர் விழவில்லை.

டவுன் பார்மசியில் ரிஸ்லா என்ற பிள்ளை
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
"வேலை சூட்டிலயா, குளிர்லயா?"
உள்ளே சூடு, வெளியே குளிர் என்றேன்.
"குளிக்கிறது?"
ஆவி பறக்கப் பறக்க.
தலையில் அடித்துக்கொள்ளாத குறை.
"இளஞ்சூடு போதும். துடைச்சு மூணு நிமிஷத்துக்குள்ள
இதப் பூசிரணும். ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம்.
இது ஈரத்த உண்டாக்காது,
இருக்கிறதப் போகாமப் புடிச்சு வைக்கும், அவ்வளவுதான்."
முந்நூற்றெண்பது ரூபாய்.
என் வேலைக்கு நேர் எதிரான வேலையை
ஒரு சின்ன டப்பாவில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொதிக்கும் தண்ணீரை விடுவதுதான் கஷ்டம்.
பனியில் அது ஒன்றுதான் சுகம்.
பல் கிடுகிடுக்கக் குளித்து
பாதி ஈரத்தோடு காம்பராவுக்குள் ஓடி வந்து
அடுப்புப் பக்கம் குந்திப் பூசினேன்.
"யாரு வீட்டுக் கலியாணம்?" என்றாள் யோகமலர்.

கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டேன்.
வழித்து எறிய மனமில்லை.
மிச்சத்தை அவள் கையில் தடவினேன்.
கொழுந்துக் கறை வெடிப்புக்குள் இறங்கி
கறுப்புக் கறுப்பாய்க் கோடு ஓடிய கை.
"எரியுது" என்றாள்.
இழுத்துக்கொள்ளவில்லை.
மலையில் அவளுக்கு இன்னும் கொப்பியில்தான் பேர்,
கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார்.
அதனால் அந்த வெடிப்பை யாரும் கண்டதில்லை.
யாரும் என்றால்
நானும்தான்.

அதற்குப் பிறகு டப்பா சீக்கிரம் தேய்ந்தது.
பெரியவளின் பழைய பள்ளிக்கூட மேஸைப் போட்டுக்கொண்டு
நடு ராத்திரி யோகமலர் எழும்பினால்
சிமெந்துத் தரையில் சத்தமே கேட்காது.
கெத்தேல் கை வழுக்கி ஒருதரம் விழுந்து நெளிந்தது.
சின்னவன் என் காலில் மறுபடி எழுதிப் பார்த்தான்.
'ழ' வரவில்லை. கோபித்துக்கொண்டான்.

பதினோராம் நாள் மெஷினில் பச்சை.
போன மாதத்து மூன்று பேரும் திரும்பி வரவில்லை,
வராது.

உள்ளே போய், வழக்கம்போல்
டிரையர் வாயில் தூளை ஒரு சிட்டிகை அள்ளி
உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தேன்.
ஒட்டிக்கொண்டது.
டீமேக்கர் முகர்ந்து பார்த்தார்.
"என்னத்தப் பூசியிருக்க? போயி கழுவிட்டு வா."

கழுவினேன்.
ஒத்தி எடுத்தேன்.
சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன்.