பெருவிரல் கனம்

பங்குனி வெயிலில் நின்று
ஐப்பசியை அளக்கிறோம்.
ஓடையில் ஆட்டுப்புழுக்கை, உடைமுள்,
கிழிந்த ஒரு ஃபிளக்ஸ்,
அதில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதிச் சிரிப்பு.
குடிக்கக் கொண்டுவந்த பாட்டிலில் இருப்பதுதான்
ஓடையின் மொத்தத் தண்ணீர்.

கோல் பிடிப்பது என் வேலை.
நூறுநாள் அட்டையில் பேர் இருந்தது,
குழுத் தலைவி கைகாட்டிவிட்டாள்.
நாலு மீட்டர் அலுமினியம் சுடுகிறது,
முந்தானையைச் சுற்றிப் பிடிக்கிறேன்.
அந்தப் பக்கம் முக்காலிக்குப் பின்னால்
ஒற்றைக்கண் இடுக்கி
ரெஜினால்டு சார் எண்ணைச் சொல்லுவார்,
பையன் எழுதுவான்.
எண் கூடினால் நிலம் தாழ்வு,
குறைந்தால் மேடு.
மண்டையில் ஏற மூன்று நாள் ஆயிற்று.
மேட்டுத்தெருக்காரர்களுக்குச் சின்ன எண்,
எங்களுக்குப் பெரிசு.
இப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததில்லை.

"போன மார்கழியில எதுவரைக்கும் வந்துது?"
கேட்டுக்கொண்டே போனோம்.
டீக்கடைக்காரர் இடுப்பைத் தொட்டார்,
அவர் சம்சாரம் கழுத்தைத் தொட்டாள்.
இருவரும் ஒரே அறையில்தான் நின்றிருந்தார்கள்.
ரேஷன் கடையில் கூரைவரை என்றார்கள்,
சீனி மூட்டைக் கணக்கு அப்படி.
பொய் சொல்லாதது பள்ளிக்கூடச் சுவர்தான்:
ஏழாம் வாய்ப்பாட்டில்
ஏழஞ்சு முப்பத்தஞ்சுக்குக் கீழே
எல்லாம் செம்மண் நிறம்.

செங்கல் சூளை வாசலில் பலவேசம்.
சாருக்கு இளநீர், எனக்கு ஒரு சிரிப்பு.
"ஏட்டி வள்ளிமயிலு, ஒரு விரக்கடை
தூக்கிப் பிடி. ஆரு பாக்கா?
செவப்புக் கோட்டுக்குள்ள வந்துட்டா
சூளைய மூடச் சொல்லிருவான்."
கோலை ஊன்றினேன்,
அடிச்செங்கல்லில் நங்கென்று கேட்டது.
அவ்வளவு நேர்மை எனக்கு இருந்தது.
அது அடுத்தவன் நிலம்.

மூன்று மணிக்கு என் வாசல்.
கோட்டுக்குள் வந்தால் எங்களுக்கும் மாற்றுப்பட்டா,
தேரிக்கு அப்பால், பஸ் வராத பொட்டலில்.
போன மாசம்தான் கக்கூசுக்குக் கதவு போட்டோம்.
செருப்பைக் கழற்றினேன்.
கோலின் அடி என் பெருவிரல் மேல்.
வலித்தது. அசையவில்லை.
"ரெண்டு புள்ளி ஒன்பது ஒன்று" என்றார் சார்.
பையன் எழுதினான்.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக் கட்டடத்தில்
மேசைமேல் வரைபடம்,
நாலு மூலைக்கும் டீ டம்ளர்.
மேட்டுத்தெருப் பக்கம் சுவரை உயர்த்தணும் என்றார்கள்.
"அந்தால மோதுன தண்ணி
இந்தால திரும்பும்லா?" என்று கேட்டது
ஆடு மேய்க்கிற சொரிமுத்து.
சார் பென்சிலைக் காதில் செருகினார்.
அப்படியானால் மறுகாலை அகலிக்கணும்,
பாலத்துக்கு ரெண்டு கண் போதாது, நாலு வேணும்,
அதற்கு நிலம் வேணும்.
நிலம் என்றதும்
ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க தாழ்வோ அந்த வழியாத்தான் வெட்டணும்."
எண்களின்மேல் சாரின் விரல் ஊர்ந்தது.
என் வாசலைத் தாண்டி
பக்கத்து வீட்டில் போய் நின்றது.
எனக்கு ஒன்பது ஒன்று,
மிக்கேலம்மாளுக்கு ஒன்பது இரண்டு.
அவள் என் தோளை ஒட்டி உட்கார்ந்து
எனக்கும் சேர்த்துப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றேன்.
"எங்க வாசல் எண்ணு தப்பு.
பெருவிரல் கனத்தை அதுல கூட்டிக்கிடுங்க."
யாருக்கும் புரியவில்லை.
காலை நீட்டினேன். நகம் கறுத்திருந்தது.
ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்து,
குனிந்து, என் விரலை அளந்தார்.
"ரெண்டு சென்டிமீட்டர்."
ரப்பரால் அழித்தார்,
தூளை ஊதினார்.

மிக்கேலம்மாள் பாக்கை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.