மூலக்கடைச் சக்கை

மூலக்கடை பாலத்துக்குக் கீழே
கரும்புச்சாறு பிழியும் சம்சுதீனிடம்
முதல் மாதம் சக்கை சும்மா கிடைத்தது.
அடுத்த மாதம் மூட்டைக்குப் பத்து ரூபாய்.
"நீ வந்து வந்து எடுத்தினு போறியே,
அப்ப அதுல இன்னாவோ இருக்குது" என்றார்.
இருக்கிறது.
என்னவென்று எனக்கே அப்போது தெரியாது.

கொசப்பூரில் குத்தகைக்கு நாற்பது சென்ட்,
உறை பெயர்ந்த ஒரு கிணறு.
முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றை
ஞாயிறுதோறும் இறக்குகிறேன்.
தையில் ஒன்பதாம் முடிச்சு நனைந்தது.
மாசியில் பதினொன்று.
பங்குனியில் பதினாலு,
அதுவும் சேறு பூசிக்கொண்டு மேலே வந்தது.

கடல் உள்ளே வருகிறது என்று
மீஞ்சூர் பக்கம் பேசிக்கொண்டார்கள்.
நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.
எங்களிடமும் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறது.

என் வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுகிறார்.
பக்கத்துக் கொல்லை கன்னியப்பன் போரில் நிரப்பி
பெரம்பூர் அடுக்குமாடிகளுக்கு நாளைக்கு ஆறு நடை.
அவர் ஏற்றும் ஒவ்வொரு நடைக்கும்
என் கயிறு கொஞ்சம் நீள்கிறது.
அந்தக் காசில்தான் விதை வாங்கினேன்.
யாரை ஏச?

வாய்க்கால் கட்டிப் பாய்ச்சுவதை விட்டேன்.
தக்கைப்பூண்டு விதைத்து
பூ விடும் நேரத்தில் மடக்கி உழுதேன்.
"பச்சையா நிக்கிறதப் போயி அழிக்கிறியே"
என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார் கன்னியப்பன்.
பாத்தி மேல் சக்கையை விரித்தேன்.
முதலில் வந்தது எறும்பு.
இனிப்பைத் தின்றுவிட்டு
அரைக்கீரை விதையையும் தூக்கிப் போனது,
கூலி போல.
மிஞ்சி முளைத்தது மஞ்சளாய் நின்றது.
பச்சைச் சக்கை மக்குவதற்கு
மண்ணிடமே கடன் கேட்குமாம்;
எனக்கு அதைச் சொன்னது
அந்த மஞ்சள்தான்.

அதன் பிறகு
மாதவரம் கொட்டகைச் சாணியைக் கலந்து
நாற்பது நாள் குவித்து வைத்தேன்.
உள்ளே கைவிட்டால் காய்ச்சல்காரன் நெற்றி.
சூடு தணிந்ததும் பரப்பினேன்.
தண்டுக்கீரைக்கு இந்த வருஷம் விடை கொடுத்து
பருப்புக்கீரையும் முருங்கைக் குச்சியும் வைத்தேன்.
உப்பைக் கண்டு முகம் சுளிக்காத சாதிகள்.

சித்திரையில் ஓர் இரவு
லாரி வீட்டுக்குப் போகாமல் கொல்லையோரம் நின்றது.
"அடியில கொஞ்சம் மிச்சம் கெடக்குது, திறந்து வுடவா?"
கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை அவர்.
என் கிணற்றுத் தண்ணீர்தான்,
பக்கத்து வழியாக ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தது.
"திறந்து வுடாதே. டிரம்முல புடி" என்றேன்.
அடியில் ஊசித்துளை போட்ட கேன்களில்
இருவரும் செடி செடியாக வைத்துக்கொண்டு போனோம்.
செல்போன் வெளிச்சத்தில்
ஒருவார்த்தை பேசவில்லை.
காலையில் அவர் மறுபடி கன்னியப்பன் போருக்குப் போனார்.

கத்திரி வெயில், மத்தியானம் இரண்டு மணி.
மேலே சக்கை அப்பளமாக நொறுங்குகிறது.
விலக்கிவிட்டு விரலை நுழைத்தேன்.
இரண்டாவது கணுவில் ஈரம்.
பிழிந்து போட்ட துணியின் ஈரம், அவ்வளவே.
வேர் அதைத் தேடிப் பிடித்திருந்தது.
இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

சம்சுதீன் இப்போது பதினைந்து கேட்கிறார்.
பத்தும் ஒரு கட்டுக் கீரையும் என்று பேசி முடித்தேன்.
திரும்பும் வழியில் செங்குன்றம் ரோட்டில்
நைலான் கயிறு நாலு முழம் வாங்கினேன்.
பழையதோடு முடிந்தால்
பதினெட்டு வரை எட்டும்.