பதினான்காம் பக்கத்து வரி

சுருக்கெழுத்தில் உயிரெழுத்துக்கு நேரமிருக்காது.
மெய்யை மட்டும் கோடாக இழுத்துக்கொண்டு ஓடுவோம்,
உயிரைத் தட்டச்சில் போட்டுக்கொள்ளலாம் என்று.
இருபத்திரண்டு வருஷம், அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில்,
ஏழு நீதிபதிகளின் குரலுக்குப் பின்னால் ஓடியாயிற்று.

ரெஜினா அம்மா எட்டாவது.

ஏற்காட்டில் ஒரு பள்ளி ஆண்டு விழா.
பிள்ளைகளிடம் சொன்னாராம்:
இந்த மலைக்குக் காபிச் செடி முதலில் வந்தது,
சட்டம் பிறகு வந்தது,
அதுவும் எஸ்டேட் ஜீப்பில் இடம் கேட்டு.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
பின்வரிசையில் ஒருவர் சிரிக்காமல்
செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

ஒன்பதாம் நாள் உறை வந்தது.
நீதிபதி தம் தீர்ப்பின் வழியே மட்டும் பேசக் கடவர்.
ஏழு நாளில் விளக்கம் தருக.

விளக்கத்தின் முதல் வரைவு நாலு பக்கம்.
இரண்டாவது ஒன்றரை.
மூன்றாவதில் 'வருந்துகிறேன்' என்று சொல்லிவிட்டு
ஜன்னலைப் பார்த்தார்.
ஜெராக்ஸ் கடை வாசலில் மாம்பழக் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன.
சேலம் முழுக்க மணக்கிற மாதம்;
அவர் வீட்டுக்குள் மட்டும் ஒரு பழம் நுழையாது,
யார் கொடுத்தது என்று கேட்பார்கள்.

அதே வாரம்தான் அந்த வழக்கு.
எஸ்டேட் கம்பெனி எதிர் சடையன் வகையறா.
மூன்று ஏக்கர், ஓர் ஊற்று, ஊற்றுக்குப் போகும் தடம்.
சொல்லிக்கொண்டே வந்தவர் பதினான்காம் பக்கத்தில்
ஒரு வரி சொன்னார்.
நின்றார்.
"செங்கோடன், அதை எடுத்துடுங்க."

எடுத்தேன், கணினியில்.
நோட்டில் மெய் அப்படியே கிடந்தது.
என் மேஜையில் ரப்பர் வைத்துக்கொள்வதில்லை.

வந்த கடிதத்தில் ஊற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.
இருக்க வேண்டியதும் இல்லை.
தீர்ப்பில் பேசு என்றுதான் எழுதியிருந்தார்கள்;
தீர்ப்பு எழுதும்போது தொண்டையில் உட்காருவது
அந்தக் கடிதம்தான் என்பதை
எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

மறுநாள் பத்தேகால்.
கருப்பு அங்கியில் ஒரு கை நுழைந்து
மறு கை வெளியே நிற்க,
"நேத்து எடுத்த வரி இருக்கா?"

மெய்க்கு உயிர் கூட்டிப் படித்துக் காட்டினேன்.
கேட்டபடியே மறு கையை நுழைத்தார்.
"தடத்துக்கு முன்னாடி 'அவர்கள் நடந்த' சேர்த்துக்கங்க.
மத்தது அப்படியே."

மூன்றாவது வரைவு இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.
நாளை ஏழாம் நாள்.

அது என்ன வரி என்று கேட்கிறீர்கள்.
நான் சொல்லக்கூடாது.
நகல் பிரிவு தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு இடப்புறம்.
மனுவில் ஸ்டாம்பு ஒட்ட மறந்துவிடாதீர்கள்.