இருபத்து மூன்றாம் தீர்மானம்

மார்ச் மாதம். மெய்ன் மாநிலத்தில்
பனி உருகிச் சேறாகும் வாரம்.
பள்ளிக்கூட உள்ளரங்கில்
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே என் மேசை.
நான் ஊர் எழுத்தர்.
சொன்னதை எழுதுவது என் வேலை;
சொல்லாததை எழுதாமலிருப்பதும்.

இருபத்திரண்டு தீர்மானங்கள் சுகமாய்ப் போயின.
சாலைக்கு உப்பு, நாய் உரிமம்,
நூலகத்துக் கொதிகலன்.
இருபத்து மூன்று: ஆலை அணையை
எடுத்துவிடுவதா, வேண்டாமா.
தூங்கிக்கொண்டிருந்தவர்கள்
கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வெர்லின் ஸ்டாக்போல் எழுந்தார். பேச்சு வராது அவருக்கு.
தொப்பியைக் கசக்கினார்.
"தேவாலயம் எரிந்த ராத்திரி
ஊர்க் குழாயெல்லாம் உறைந்து கிடந்தது.
அந்தத் தேக்கத்தின் பனியைக் கோடரியால் பிளந்துதான்
வாளி வாளியாய் மொண்டோம்.
உங்களுக்கு அது வரைபடத்தில் ஒரு கோடு."
அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது,
அவர் சொல்ல வந்தது அவ்வளவுதான்.
அவர் அழவில்லை. உட்கார்ந்தார்.

ஜோசெட் மிஷோ கண்ணாடிக் குப்பியோடு வந்தாள்.
உயிரியல் ஆசிரியை. குப்பிக்குள்
வெளுத்துப்போன ஒரு மீன்.
"ஒவ்வொரு மே மாதமும் இது கடலிலிருந்து ஏறி வருகிறது,
கல்லில் முட்டுகிறது, திரும்பிப் போகிறது.
அடுத்த மே மறுபடியும்.
பழக்கவழக்கம் என்கிறீர்களே,
இதைவிடப் பழைய வழக்கம்
இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது?"

கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒருவர்
முற்போக்கு என்றார், உமியைத் துப்புவதுபோல.
ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது: பிற்போக்கு.
ஆற்றின் போக்கை
யாரும் கேட்டதாகக் குறிப்பில் இல்லை.

என் காலடிப் பெட்டியில் பழைய பதிவேடு.
1871, இதே ஊர், இதே மார்ச்.
ஆலைக்காரன் அணை கட்ட அனுமதி கேட்ட நாளில்
எதிர்த்து எழுந்தவர் ஒரே ஒருவர்:
"ஆறு கடவுள் விட்ட வழியில் ஓடட்டும்.
மீன் என் அப்பனுக்கும் வந்தது."
பெயர், எபன் ஸ்டாக்போல்.
அணை வேண்டும் என்ற மனுவில்,
தறி வேலை தேடிக் கியூபெக்கிலிருந்து நடந்தே வந்த
ஒரு மிஷோவின் கைநாட்டு.

நான் அதை வாசித்துக் காட்டவில்லை.
யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம்.
இன்னொன்று, எனக்குப் பயமாக இருந்தது:
இரண்டு பேரும் தலை குனிந்துவிட்டால்
பிறகு யார் பேசுவார்கள், என்னத்தை எழுதுவேன்?

சீட்டுகளை எண்ணினேன். இரண்டு தடவை.
எடுக்கலாம், 118. வேண்டாம், 104.
ஒன்றில் பன்றியின் படம்.

அக்டோபரில் மஞ்சள் இயந்திரம் வந்தது.
வெர்லின் நாள் முழுக்க
தேநீர்க் குடுவையோடு கரையில் நின்றார்.
பொழுது சாயும்போது ஒரு கல்லைத்
தூக்கித் தன் வண்டியில் வைத்தார்.
எதற்கு என்று ஜோசெட் கேட்டாள்.
"கொட்டகைக் கதவு சாத்திக்கொள்கிறது.
முட்டுக் கொடுக்க."

அடுத்த கோடை முழுக்கச் சேறு நாறியது.
தீயணைப்புக்கென்று தோண்டிய குட்டையில்
வாத்துகள். மீன் இல்லை.
அதற்கடுத்த மே மாதமும் இல்லை.
மூன்றாவது மே: பதினொன்று.
ஜோசெட் பாலத்தில் நின்று
விரல் விட்டு எண்ணி, விரல் போதாமல் சிரித்தாள்.

இந்த மார்ச்சில் அவள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள்.
இந்த ஆற்றில் இனி எவரும், எக்காரணம் கொண்டும்,
ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது,
என்றென்றைக்கும்.
வழிமொழிபவர் உண்டா என்றார் தலைவர்.
கொஞ்சம் நேரம் நாற்காலிகளின் கிரீச்.
பிறகு வெர்லினின் கை, தொப்பியோடு.

என்றென்றைக்கும் என்று எழுதினேன்.
அணை கட்ட அனுமதி தந்த ஏட்டிலும்
அந்தச் சொல் இருக்கிறது,
மசி கொஞ்சம் பழுத்து.