மத்தியான வருகை

காலை பத்தரைக்குள்
போனில் எண்ணை அனுப்பிவிட வேண்டும்.
பெயர் வேண்டாம், வகுப்பு வேண்டாம், வெறும் எண்.
ஐம்பத்தேழு பேர் வந்திருந்தால் ஐம்பத்தேழு.
நான் ஐம்பத்தெட்டு என்று தட்டுகிறேன்.
ஐப்பசியிலிருந்து இப்படித்தான்.

முக்கூடலில், ஆற்றுக்கு இறங்குகிற சாலையில்,
உதவிபெறும் நடுநிலைப்பள்ளி.
வாத்தியார் சம்பளம் அரசாங்கம் தரும்,
ஓடு மாற்ற நிர்வாகம் தரும் என்பார்கள்.
ஓடு இன்னும் ஒழுகுகிறது,
சரியாக அரிசி டின்னுக்கு மேலே.
சமைப்பது முப்பிடாதி. கணக்கு மட்டும் என்னுடையது:
அரிசி, பருப்பு, எண்ணெய்,
ஓட்டில் ஊதா முத்திரை குத்திய முட்டை.
முத்திரை, நாங்கள் கடையில் விற்றுவிடாமலிருக்க.

ஐம்பத்தெட்டாவது ஆள்
பன்னிரண்டு இருபதுக்கு வருவாள், பின்வாசல் வழியாக.
பேராச்சி, ஏழாம் வகுப்பு.
அம்மாவுக்கு இடுப்பு விழுந்தபின்
பீடித்தட்டு அவள் மடிக்கு வந்துவிட்டது.
ஐந்நூறு சுற்றி,
கடைக்காரர் கழித்தது போக எண்ணிக் கொடுத்துவிட்டு
யூனிபார்மை மாட்டிக்கொண்டு ஓடி வருவாள்.
ரிப்பன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்.

முதல் நாள் வரிசையில்
முட்டையை எடுத்து முகர்ந்தாள், திரும்ப வைத்தாள்.
கெட்டுப்போச்சாட்டி? என்றேன்.
முட்ட இல்லக்கா, என் கைதான் நாறுது.

புகையிலை. சோப்புக்குப் போகாது.
முப்பிடாதி ஒன்றும் சொல்லவில்லை.
சாம்பாருக்குப் பிழிந்த புளியின் கோதை
அவள் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்,
நகம் நகமாக.
அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

புதன்கிழமை ஆலோசகர் வருவார்.
ஜெஸிந்தா, வள்ளியூர்ப் பெண், புது ஸ்கூட்டர்.
அவர் படிவத்தில்
'ஒழுங்காக வராததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்,
படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
பேராச்சி வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.
பேச்சுவாக்கில் இலை வெட்டிப் பார்த்தாராம்,
வெட்டியதெல்லாம் வீண், அதற்கும் காசு பிடித்தார்களாம்.
அம்மாவுக்கு உதவித்தொகை கேட்டு
மனு ஒன்று கைநாட்டோடு வாங்கி வந்தார்.
மனு தாலுகாவில் இருக்கிறது.

பங்குனியில் ஆய்வுக்கு வந்தவர்
இரண்டு பதிவேட்டையும் பக்கம் பக்கமாக வைத்தார்.
வருகை ஐம்பத்தேழு. சாப்பாடு ஐம்பத்தெட்டு.
வராத பிள்ளை எப்படிம்மா சாப்பிடும்?
எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எபனேசர் சார்தான்,
பேசுவதற்குக் கூலி கேட்கிற மனுஷன்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
அது காலை வருகை. மத்தியான வருகை ஐம்பத்தெட்டு.
மத்தியான வருகை ஒன்றரைக்கல்லவா எடுக்கணும்?
இங்கே பன்னிரண்டு இருபதுக்கே
மத்தியானம் வந்துரும் சார்.

அவர் வெளியே பார்த்தார்.
கொடிக்கம்பத்துக்கு நிழலே இல்லை.
என்ன எழுதினார் என்று தெரியாது.
மோர் கேட்டார். குடித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் முடிந்து நன்றாக இருக்கிறோம்
என்று சொல்லிவிட முடியாது.
சாப்பிட்டதும் முதல் பீரியட் கணக்கு,
பேராச்சி தூங்கிவிடுகிறாள்.
எழுப்பவும் மனசில்லை, விடவும் மனசில்லை,
சார் பின்னம் நடத்திக்கொண்டிருப்பார்
குரலைத் தாழ்த்தி.

இன்று பன்னிரண்டு நாற்பது ஆகிவிட்டது.
பின்வாசல் திறந்தே கிடக்கிறது.
கடைசித் தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது.
அரிசிக்குப் பத்தி உண்டு, பருப்புக்கு உண்டு,
மீந்த முட்டைக்கும் உண்டு என் பதிவேட்டில்.
சிரட்டையில் முப்பிடாதி எடுத்து வைத்திருக்கும்
புளிக்கோதுக்கு இல்லை.
கொட்டிரட்டுமாக்கா? என்கிறாள்.

பொறு.
ஐம்பத்தெட்டு என்று அனுப்பியாயிற்று.