நான்காம் மாடிக்கு ஒரு பியானோ

லிஃப்ட் இல்லாத கட்டடம்.
அக்டோபர் மழையில் நனைந்தபடி
அணியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்
என் பியானோவைத் தூக்க.

மேலே சேர்ந்ததும்
மூச்சு வாங்க ஒருவன் கேட்டான்:
"நீதான் கணக்குக்காரி ஆயிற்றே,
சொல், யார் தோளில் எவ்வளவு பாரம்?"

சிரித்தேன்.
ஷௌலியாய் நகரத்துக் கூடைப்பந்து அணி
அந்த ஒரு கேள்விக்குத்தான்
எனக்குச் சம்பளம் தருகிறது.
ஒருமுறை தூக்கினால் விடை கிடைக்காது.
ஆளை மாற்றி ஆளை மாற்றி
ஆயிரம் மாடி ஏற்ற வேண்டும்.
அப்போதும் கையில் கிடைப்பது
விடை குடியிருக்கும் தெரு,
வீட்டு எண் அல்ல.

ஸ்கோமந்தஸ்:
ஆட்டத்துக்கு மூன்று புள்ளிகள்,
சில இரவுகளில் அதுவும் இல்லை.
செய்தித்தாளில் அவன் பெயர் வந்தால்
எழுத்துப்பிழையோடு வரும்.
ஆனால் அவன் களத்தில் நிற்கையில்
எதிரணி நூறு முறை பந்தெடுத்தால்
பதினொரு புள்ளிகள் குறைவாகப் போடுகிறது.

நம்பவில்லை.
கூட ஆடுபவர்களின் பங்கைக் கழித்தேன்.
எதிரில் நின்றவர்களின் பலத்தைக் கழித்தேன்.
உள்ளூர், வெளியூர், பயணக் களைப்பு
கழிக்கக் கழிக்க
அவன் மிஞ்சினான்.

ஏன் என்று எண் சொல்லவில்லை.
வீடியோவில் பார்த்தால் சும்மா நிற்கிறான்,
கையை உயர்த்துகிறான், பாதி திரும்புகிறான்,
அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு மாலை கேமரா பழுது.
கூடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
அப்போதுதான் கேட்டது:
"இடது! இடது!
விடு, நான் இருக்கேன்.
ஸ்கிரீன் வருது, மேலே போ!"
ஆட்டம் முழுக்க, தொண்டை கட்டும் வரை.

படிக்கட்டு நினைவுக்கு வந்தது.
பியானோவின் எடையில் அவன் தாங்கியது குறைவு.
முன்னால், பின்னோக்கி நடந்தபடி
"படி இருக்கு. நில்லு. திருப்பு" என்றவன் அவன்.

என் வீடியோக்களில் ஒலி கிடையாது.
இடம் மிச்சம் என்று
நீக்கியது நான்தான்.

மே மாதம் அவனை அனுப்பிவிட நினைத்தது நிர்வாகம்.
பதினொன்றை எடுத்து மேசையில் வைத்தேன்.
இருக்கட்டும் என்றார்கள்.
பயிற்சியாளர் ரோலந்தஸ்
எனக்கு ஒரு காபி வாங்கித் தந்தார்,
ஏழு வருடத்தில் முதல் காபி.

அடுத்த பருவத்துக்கு இருவர் வந்தார்கள்,
அலபாமாவிலிருந்து டாரியன், டக்காரிலிருந்து பாபகார்.
அருமையான ஆட்டக்காரர்கள்.
லிதுவேனிய மொழியில் அவர்களுக்குத் தெரிந்தவை
"நன்றி"யும் பீட்ரூட் சூப்பும்.
ஸ்கோமந்தஸ் முன்போலவே கத்தினான்.
பிறகு யோசித்து யோசித்து ஆங்கிலத்தில் கத்தினான்.
சொல் போய்ச் சேர்வதற்குள்
பந்து போய்ச் சேர்ந்திருந்தது.

பதினொன்று நான்கானது.
டிசம்பரில் பூஜ்யம்.
கணக்கில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை.
கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரியில் நிர்வாகம் கேட்டது:
"இப்போது உங்கள் எண் என்ன சொல்கிறது?"
எண்ணுக்கு நாக்கில்லை.
என்னுடையதைக் கடன் வாங்கிக்கொண்டது.

இப்போது அவன் எல்லைக்கு அப்பால், லியேபாயாவில்.
இரவில் அந்த அணியின் பட்டியலைத் திறக்கிறேன்.
இதுவரை நாற்பத்தாறு நிமிடங்கள். கழித்தல் இரண்டு.
ஒரு துளியை நாக்கில் வைத்தால்
கடலின் உப்பு தெரியும், அலை தெரியாது.
வேறு யாராவது கேட்டால் இதைச் சொல்லிவிட்டு
கணினியை மூடியிருப்பேன்.

மூடவில்லை.
லாட்விய மொழியில்
"இடது" என்பதற்கு என்ன சொல் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.