நாற்பத்தொரு மூடி

லேபிள் உரிக்க
வெந்நீரும் சோடா மாவும் போதாது.
நகம் வேண்டும்,
ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் வேண்டும்,
எதன்மீதோ கொஞ்சம் கோபமும் வேண்டும்.
மூன்றும் இருந்தன எனக்கு.

குகையிலிருந்து கொண்டலாம்பட்டிக்கு
வீடு மாறுகிறோம்.
அட்டாலியிலிருந்து இறங்கியவை
நாற்பத்தொரு கண்ணாடி சீசாக்கள்.
"ஏனுங்க, சாமானே இத்தனை இல்லீங்களே"
என்கிறார் டெம்போக்காரர்.
குணசீலன் வாயே திறக்கவில்லை.
காலியானது எதையும் எறியமாட்டான் அவன்.
நிறைந்திருப்பதைத்தான்
எங்காவது வைத்துவிட்டு மறந்துபோவான்.

காப்பித்தூள் சீசாவில் கடுகு.
ஜாம் சீசாவில் ஜவ்வரிசி;
குலுக்கினால் மழை கேட்கிறதென்று
சின்னவள் அதைத் தூக்கிப் போய்விட்டாள்,
பாயசத்துக்குத் தனியாக நூறு கிராம் வாங்கினோம்.
மயோனைஸ் சீசாவில்
பெரியவள் கொலுசிலிருந்து உதிர்ந்த ஏழு முத்துகள்.
செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைக்க வேண்டும்.
மூன்று வருடமாக, நாளைக்கு.

ஊறுகாய் சீசாவில் சர்க்கரை போட்டது
என் யோசனை.
ஆறு தரம் கழுவினேன்,
மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்தேன்,
எலுமிச்சைத் தோல் போட்டு ஒரு ராத்திரி மூடி வைத்தேன்.
அப்படியும் அந்த மாதம் முழுக்க
எங்கள் காப்பியில்
வெந்தயமும் பெருங்காயமும்
பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல.

கண்ணாடி மறந்துவிடும்.
ஒரே அலசலில் எல்லாம் போய்விடும் அதற்கு.
மூடிதான்.
உள்ளே ஒட்டிய அந்த வட்ட அட்டை,
அந்தத் திருகு மடிப்புகள்.

ஒன்று மட்டும் தனியாக,
கிழிந்த பனியனில் சுற்றி.
ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் வாங்கிய தேன்.
அதன் லேபிளை அவன் உரிக்கவிடவில்லை,
மஞ்சள் தேனீ இன்னமும் சிரிக்கிறது.
உள்ளே ஒரு கல்.
கொள்ளு அளவு,
பழுப்பு, சுற்றிலும் முள்.

ராத்திரி இரண்டு மணி.
கழிவறைத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு
என் பெயரையும் சொல்லாமல்
முருகனையும் கூப்பிடாமல்
ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரைக்
கூவி அழைத்தான்.
ஏனென்று அவனுக்கே தெரியாது.
விழுந்தால் பிடித்து எடுத்து வாருங்கள் என்று
டாக்டர் சொல்லியிருந்தார்.
கைக்கு அகப்பட்டது இந்தச் சீசா.
கடைசித் தேனை விரலால் வழித்து நக்கிவிட்டு
அவசரமாகக் கழுவி
கதவிடுக்கில் நீட்டினேன்.
லேபில் கல்லைப் பார்த்துவிட்டு
சீசாவோடு திருப்பித் தந்தார்கள்.

"இதுவுமா வருது?" என்றேன்.
"நான் பெத்ததுடி" என்றான்.

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.
என் இரண்டு பிரசவத்துக்கும்
ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன் அவன்.
அன்று ஒரு ராத்திரி
கதவுக்கு வெளியே நான்.
உள்ளே நடப்பதைச் சத்தத்தை வைத்தே
கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது
எத்தனை கேவலமான வேலை என்று
அப்போதுதான் தெரிந்தது.
அவனிடம் சொல்லவில்லை.
பனியனை இன்னொரு சுற்றுச் சுற்றி
என் புடவைகளுக்கு நடுவே வைத்தேன்.

நெத்திமேட்டு வேகத்தடையில்
டெம்போ துள்ளியது.
பின்னால் நாற்பத்தொன்றும்
ஒரே நேரத்தில் பல் கடித்தன.

இறக்கிப் பார்த்தால்
உடைந்தது ஒன்றுதான்.
சர்க்கரை வைத்த ஊறுகாய் சீசா.
சில்லுகளைச் செய்தித்தாளில் கூட்டி அள்ளினேன்.
மூடி மட்டும் முழுசாக இருந்தது,
மோந்து பார்த்தேன்.
வெந்தயம்.

எறியத்தான் போனேன்.
புதுவீட்டுக் குழாயில்
முதல் தண்ணீர் துருவாக வந்து
தெளியக் காத்திருந்தவன்
கை நீட்டி வாங்கினான்.
கழுவினான்.
சன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தான்,
இதற்கென்று ஒரு சீசா
இனிமேல் வரும் என்பதுபோல.